சங்கத்தின் கையில் இருக்கும் அரசாங்கச் சரக்கு

திருவொற்றியூரை ஒட்டியுள்ள காலாடிப்பேட்டையின் பெயர் எவ்வாறு வந்தது என்பதை நம் நெசவாளர் சங்க உறுப்பினர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1717 முதல் 1720 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் அது. காலெட் பேட்டை என்பது மக்கள் நாவில் புழங்கிப் புழங்கிக் காலாடிப்பேட்டை ஆயிற்று. அதற்குத் தெற்கே சிறிது தூரத்தில் உள்ள வண்ணாரப்பேட்டையோ, கம்பெனி வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்த தொழிலாளரின் குடியிருப்பால் பெயர் பெற்றது.

இவ்விரண்டு பேட்டைகளையும் நாம் நினைவூட்டுவது ஊர்ப்பெருமைக்காக அன்று. நெசவாளர் வாங்கியது முன்பணம். நூல் அவருடையது, நெய்து கொடுக்கும்வரை துணியும் அவருடையது. பணத்திற்கு அவர் கடன்காரர், அவ்வளவே. துணி வெளுப்பவர் கையில் இருந்ததோ கம்பெனியின் துணி. அவர் கடன்காரர் அல்லர். பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர். கடன்பட்டவர் பணத்தைத் திருப்பினால் போதும். பிறர் பொருளை வைத்திருப்பவர் அந்தப் பொருளையே திருப்ப வேண்டும். எங்கே வைத்தார், எப்படிக் காத்தார், எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது என்பதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை உள்ளத்தில் பதித்துக்கொண்டால் இப்பாடத்தில் பாதி முடிந்தது.

இன்று நம் சங்கங்கள் இரண்டு நிலையிலும் இருக்கின்றன. தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகத்திடம் விலைக்கு வாங்கும் நூல் சங்கத்தின் சொந்தம். விலையில் சலுகை கிடைத்திருந்தாலும், கடனுக்கு வாங்கியிருந்தாலும் அது சங்கத்தின் சொந்தமே. ஆனால் 1983ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தின்கீழ், அரசாங்கம் கொள்முதல் செய்து நெசவுக்கென்று ஒப்படைக்கும் நூல் அத்தகையது அன்று. சங்கத்திற்குரியது நெசவுக் கூலி, நூல் அரசாங்கத்தினுடையது. பள்ளிச் சீருடைத் துணியைத் தைத்துக் கொடுக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் நிலையும் இதுவே. விவசாய அன்பர்களுக்கு நெல் அரவை ஆலை நன்கு தெரிந்த உதாரணம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலைக்காரர் நெல் வியாபாரி அல்லர், அரவை முகவர்.

பிறர் பொருளை ஒரு நோக்கத்திற்காகக் கையில் வாங்கி, நோக்கம் நிறைவேறியதும் திருப்பிக் கொடுப்பதாக ஏற்கும் இந்த உறவை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவு தொடங்கி விவரிக்கிறது. தமிழில் இதனை 'ஒப்படைப்பு' என்று வழங்குவோம். அரசாங்கத்திற்கென்று இதில் தனி விதி ஒன்றும் இல்லை. தையற்காரரிடம் நாம் துணி கொடுப்பதும், அரசாங்கம் சங்கத்திடம் ஆயிரம் மீட்டர் கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகை.

ஒப்படைப்பு எப்போது தொடங்குகிறது? பொருள் கைமாறும்போது. கைமாறிற்று என்பதற்கு எது அடையாளம் என்ற கேள்வி எளிதாகத் தோன்றும். நடைமுறையில் அதுவே பெருஞ்சிக்கல். 1938ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளிவந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதற்கு நல்ல விளக்கம். ஓர் அம்மையார் பழைய நகைகளை உருக்கிப் புதியன செய்யும்படி ஒரு பொற்கொல்லரிடம் கொடுத்தார். நாள்தோறும் மாலையில் அரைகுறையாகச் செய்யப்பட்ட நகைகளைத் தாமே வாங்கி, பொற்கொல்லர் வீட்டு அறையில் இருந்த ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஓர் இரவு நகைகள் களவு போயின. பொற்கொல்லர் பொறுப்பல்லர் என்றே நீதிமன்றம் கூறியது. மாலையில் நகை அம்மையாரின் கைக்குத் திரும்பியபோதே அன்றைய ஒப்படைப்பு முடிந்துவிட்டது. பெட்டி யார் வீட்டில் இருந்தது என்பது பெரிதன்று.

இத்தீர்ப்பை நாம் சங்கச் செயலாளர்களிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. சங்கக் கட்டடத்தின் ஓர் அறையில் துறையினர் சரக்கை வைத்துப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனால் சங்கம் இடம் கொடுத்ததேயன்றிச் சரக்கை ஏற்கவில்லை. சாவி சங்கத்தில் இருந்தால், வாரந்தோறும் அதிகாரி வந்து பார்வையிட்டாலும், ஏற்றது சங்கமே. இரட்டைப் பூட்டு முறையென்றால், எந்தப் பூட்டு யாருடையது, ஒருவர் இன்றி மற்றவர் திறக்கலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'மாற்றுச் சாவி ஒன்று காவலாளியிடம் இருக்கட்டும், அவசரத்திற்கு' என்று சொல்லி வைக்கிறார்கள் பாருங்கள், அந்த ஒரு சாவி முழுப் பொறுப்பையும் சங்கத்தின் தலைமேல் ஏற்றிவிடக் கூடும்.

அடுத்து, ஏற்றுக்கொள்ளும் நேரம். சரக்கு லாரியிலிருந்து இறங்கும்போது எடையிடாமலும் அளக்காமலும், சலானில் உள்ள எண்ணையே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் நம் வட்டாரத்தில் பரவலாக இருக்கிறது. கூலியாட்கள் காத்திருக்கிறார்கள், ஓட்டுநர் அவசரப்படுகிறார், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கி வண்டியே மூன்று மணி நேரம் தாமதமாக வந்திருக்கிறது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் அந்தக் கையொப்பத்தின் விலை என்னவென்று ஒரு கணக்கினால் காண்போம்.

ஒரு தையல் சங்கம் 2,400 மீட்டர் சீருடைத் துணி பெற்றதாக வைத்துக்கொள்வோம். சட்டை ஒன்றுக்கு 1.20 மீட்டர் என்பது ஒப்புக்கொண்ட அளவு. எனவே 2,000 சட்டைகள் வர வேண்டும். சங்கம் 1,930 சட்டைகளைக் கொடுத்துவிட்டது. அதற்குச் செலவான துணி 2,316 மீட்டர். கிடங்கில் 60 மீட்டர் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 2,376 மீட்டர். குறைவு 24 மீட்டர். விசாரித்தால், வந்த கட்டுகளில் ஒன்றில் 18 மீட்டர் துணி கறைபட்டும் கிழிந்தும் இருந்தது என்றும், அதனை அப்போதே ஒதுக்கிவிட்டோம் என்றும் உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் ஏற்புச் சீட்டில் '2,400 மீட்டர், நல்ல நிலையில்' என்று செயலாளர் கையொப்பம் இருக்கிறது. கறைபட்ட துணியையும் எவரோ குப்பையில் எறிந்துவிட்டார். 6 மீட்டருக்கு மட்டும் விடை சொல்ல வேண்டிய சங்கம் 24 மீட்டருக்கும் விலை கட்டுகிறது. அந்தத் தொகை யாருடையது? தெருமுனையில் இருக்கும் வீட்டில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பகல் முழுதும் இயந்திரம் மிதிக்கும் உறுப்பினருடைய தையற்கூலி.

ஆகையால் குறைபாட்டை ஏற்புச் சீட்டிலேயே எழுதி, சரக்குக் கொண்டுவந்தவரிடம் கையொப்பம் பெறுக. அவர் மறுத்தால், மறுத்தார் என்பதையும் எழுதி அன்றே துறைக்குத் தெரிவித்துவிடுக. பழுதான துணியை எறியாது தனியே கட்டி, சீட்டு ஒட்டி வைத்திருக்க வேண்டும். பழுதான சரக்கும் அரசாங்கச் சரக்கே.

மத்திய அரசாங்கத்தின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் மறுபக்கத்துக் கடமையும் கூறப்பட்டிருக்கிறது. விலை பிடித்தம் செய்யப்படும் பொருளை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும்போது, பிடித்தம் செய்யும் வீதம், மொத்த மதிப்பு ஆகிய விவரங்கள் அனைத்துக்கும் அவரிடம் தேதியிட்ட கையொப்பம் பெற வேண்டும் என்பது அவ்விதி. இதில் நமக்கும் ஒரு நன்மை உண்டு. விலை என்னவென்று முன்னரே எழுதப்பட்டிருந்தால், பின்னர்க் குறைவு ஏற்படும்போது எவரும் தம் மனம்போல் விலை போட இயலாது. சங்கத்தின் ஒப்பந்தத்தில் அத்தகைய விலைப்பட்டியல் இல்லையென்றால் கையொப்பமிடுமுன் கேட்டு வாங்குவது சங்கத்தின் உரிமை. கேட்பதற்குக் கூச்சம் வேண்டுவதில்லை.

இனி, பதிவேடு. அரசாங்கச் சரக்கிற்குத் தனி இருப்புப் பதிவேடு இருக்க வேண்டும். சங்கத்தின் சொந்தச் சரக்குப் பேரேட்டில் அதனைச் சேர்த்து எழுதலாகாது. ஐந்தொகையில் அதனைச் சங்கத்தின் சொத்தாகக் காட்டினால் அது பொய்க் கணக்கு. உறுப்பினர் வீட்டிற்கு எடுத்துச் செல்லும் துணிக்கு அவரவர் பெயரில் ஏடு வேண்டும். எடுத்த நாள், மீட்டர், வெட்டப்பட்ட உருப்படிகள், திரும்பிய உருப்படிகள், திரும்பிய வெட்டுத்துணி ஆகியவற்றை எழுத வேண்டும். வெட்டுத்துணியை எவரும் பொருட்படுத்துவதில்லை. அதைத் தலையணைக்கு அடைக்கவும் அடுப்படித் துடைப்புக்கும் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் அனுமதி இருந்தால் கொண்டுபோகட்டும். இல்லையென்றால் ஒரு நாள் அது பெரிய கேள்வியாக எழும். ஒப்படைத்த பொருளிலிருந்து கிடைக்கும் பெருக்கமும் இலாபமும், வேறு உடன்பாடு இல்லாதபோது, ஒப்படைத்தவருக்கே உரியவை என்று 163ஆம் பிரிவு சொல்கிறது.

இங்கே நெல் அரவையை மறுபடியும் பார்ப்போம். புழுங்கல் அரிசிக்கு 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ, பச்சரிசிக்கு 67 கிலோ என்பது அரசாங்கம் நிர்ணயித்துள்ள அரவைத் திறன். 500 டன் நெல் பெற்ற ஆலை 340 டன் புழுங்கல் அரிசி கொடுத்தாக வேண்டும். தவிடும் உமியும் குருணையும் யாருக்கு என்பதை ஒப்பந்தம் சொல்லிவிடுகிறது. அவை ஆலைக்காரரிடம் விடப்படுவதாக வைத்தே அரவைக் கூலி கணக்கிடப்படுகிறது. நெசவிலும் தையலிலும் இதேபோல் நூல் கழிவுக்கும் வெட்டுத்துணிக்கும் அளவும் உரிமையும் எழுத்தில் இருக்குமானால் தகராறு வராது. அனுமதிக்கப்பட்ட கழிவு என்பது எடுத்துக்கொள்ளும் உரிமை அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். நூறு கிலோவுக்கு இத்தனை கிலோ கழிவு என்று அனுமதி இருந்து, உண்மையில் அதிற்பாதியே கழிவானால், மிச்சம் பிடித்த நல்ல நூல் அரசாங்கத்தினுடையதே. இதை நெசவாளர் பலர் ஒப்புக்கொள்வதில்லை. 'திறமையால் மிச்சம் பிடித்தோம், எங்களுக்கு ஏன் கிடைக்கலாகாது?' என்கிறார்கள். கேள்வி நியாயமானது என்றே நாமும் கருதுகிறோம். அதற்குப் பரிகாரம் ஒப்பந்தத்தில் ஊக்கத்தொகை கேட்பதாகும். நூலைச் சொந்தத் தறியில் ஏற்றுவது அன்று.

விவசாயிகள் பக்கத்தில் சொல்ல வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்து வைத்த நெல் மழையில் நனைந்தால் யாருக்கு நஷ்டம்? 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, விலையை அறிய எடையிட வேண்டியது விற்பவர் பொறுப்பாக இருக்கும்போது, எடையிட்டு வாங்குபவர் அதனை அறியும்வரை உரிமை மாறுவதில்லை. நஷ்டமும் உரிமையாளரைச் சேரும். எடையிட்டு ரசீது கொடுத்த பிறகு நெல் கழகத்தினுடையது. ஆனால் 26ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. விற்பனை உடன்பாடு ஏற்பட்ட பிறகு, ஒரு தரப்பின் தவறினால் ஒப்படைப்பு தாமதப்பட்டு, அத்தாமதம் இல்லாவிட்டால் நேர்ந்திராத இழப்பு நேர்ந்தால், தவறு செய்தவரே அதனை ஏற்க வேண்டும். எனவே எந்த நாள் நெல் கொண்டுவந்தோம் என்பதற்கு எழுத்துச் சான்று இன்றி ஒரு மூட்டையையும் வாசலில் இறக்க வேண்டாம். டோக்கனில் தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது சிறிய காரியம்தான். வாதாட வேண்டி வந்தால் அந்தத் தேதியன்றி வேறு துணை இராது.

கலப்பது பற்றி ஒப்பந்தச் சட்டம் 155 முதல் 157 வரையிலான பிரிவுகளில் பேசுகிறது. அதிலுள்ள எடுத்துக்காட்டு நெசவாளருக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. குறியிட்ட 100 பஞ்சுப் பொதிகளை ஒருவர் ஒப்படைக்கிறார். ஏற்றவர் அனுமதியின்றி வேறு குறியுள்ள தம் பொதிகளோடு கலந்துவிடுகிறார். 100 பொதிகளையும் பிரித்துத் திருப்ப வேண்டும். பிரிக்கும் செலவு முழுவதும் கலந்தவரைச் சேரும். பிரிக்கவே முடியாதபடி கலந்துவிட்டால் நஷ்டஈடு. கழகத்திடம் வாங்கிய நூலும் அரசாங்க நூலும் ஒரே எண், ஒரே நிறம் என்று ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டிருப்பதை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களில் கண்டிருக்கிறோம். 'எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாதா?' என்று கேட்ட செயலாளர் ஒருவர் இருந்தார். போதாது. எண்ணிக்கை சரியாக இல்லாத நாளில், குறைந்தது யாருடைய நூல் என்று எப்படிச் சொல்வது?

காவல் எவ்வளவு இருக்க வேண்டும்? சாதாரண விவேகமுள்ள மனிதர், அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தம் சொந்தப் பொருளை அத்தகைய சூழ்நிலையில் எவ்வளவு கவனமாகக் காப்பாரோ அவ்வளவு என்று 151ஆம் பிரிவு கூறுகிறது. கூலி பெற்றாலும் பெறாவிட்டாலும் இதே அளவுதான். நிவாரணப் பொருள்களை வைக்கச் சங்க மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தோம், ஆகவே எங்களைக் கேட்கலாகாது என்பது செல்லாது. அந்த அளவு கவனம் செலுத்தியிருந்தால், தனி உடன்பாடு இல்லாதவரை, இழப்புக்குப் பொறுப்பில்லை என்று 152ஆம் பிரிவு ஆறுதல் அளிக்கிறது. கவனம் செலுத்தினோம் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் மட்டும் பொருளைக் கையில் வைத்திருந்தவரே.

இராயபுரத்து அன்பர்களின் கண்ணெதிரே இருக்கும் துறைமுகமே இதற்கு உதாரணம். 1963ஆம் ஆண்டுப் பெருந்துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டம், துறைமுகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட சரக்குகளுக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152, 161 ஆகிய பிரிவுகளின்படியே பொறுப்பு என்று விதித்தது. 152ஆம் பிரிவில் தனி உடன்பாடு பற்றிய சொற்களை மட்டும் நீக்கிவிட்டது. அச்சட்டத்தின் இடத்தில் இன்று 2021ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. கப்பல் சரக்கு இறங்கும் அவ்வளவு பெரிய அமைப்புக்கு வைத்த அளவுகோல் இருபது தையல் இயந்திரங்கள் உள்ள சங்கத்தின் அளவுகோலினின்றும் அடிப்படையில் வேறானது அன்று.

சாதாரண விவேகம் என்பது இடத்திற்கு இடம் மாறும். சேலத்தில் போதுமான ஏற்பாடு எண்ணூரில் போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலோடு வந்த மழையையும் கண்டபின், வட சென்னையில் தரையில் மூட்டையை அடுக்கியவர் 'வெள்ளம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை' என்று சொன்னால் எவர் நம்புவார்? 2023இல் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்த வெள்ளம் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றிய குடியிருப்புகளுக்குள் புகுந்ததை அப்பகுதி உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எண்ணெய் பட்ட துணியை உலர்த்திப் பயன்படுத்தவும் வழியில்லை. ஆகையால் இந்த வட்டாரத்தில் சரக்கை மரச்சட்டங்களின்மீது, முந்தைய வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறைக்கு மேலாக அடுக்குவதே விவேகம். கடற்காற்றின் ஈரத்திற்குச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் இவ்வாறு அடுக்கியதைப் புகைப்படம் எடுத்துத் தேதியோடு வைத்திருப்பது இக்காலத்தில் செலவில்லாத சாட்சி. காப்பீடு செய்வது யார் பொறுப்பு, வெள்ளம் அதில் அடங்குமா என்பவற்றையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

இதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. 161ஆம் பிரிவின்படி, ஏற்றவரின் தவறினால் உரிய காலத்தில் பொருள் திருப்பப்படவில்லையென்றால், அந்த நாளிலிருந்து நேரும் எவ்வித இழப்புக்கும் அவரே பொறுப்பு. நவம்பர் 30ஆம் தேதி கொடுத்திருக்க வேண்டிய சட்டைகளைச் சங்கம் தன் சோம்பலால் கொடுக்காமல் வைத்திருந்து, டிசம்பர் 4ஆம் தேதி வெள்ளம் அவற்றைக் கெடுத்தால், மரச்சட்டமும் புகைப்படமும் உதவா. நாலு நாள் தாமதம் கவனமின்மையால் வந்த நஷ்டத்திற்கு மட்டுமன்றி இயற்கையின் சீற்றத்திற்கும் சங்கத்தைப் பொறுப்பாக்கிவிடுகிறது. துறை லாரி அனுப்பாததால் தாமதம் ஏற்பட்டதென்றால் நிலைமை வேறு. அப்போது 'சரக்கு தயார், எடுத்துச் செல்க' என்று தேதியிட்ட கடிதம் சங்கத்தின் கோப்பில் இருக்க வேண்டும்.

உறுப்பினர்கள் நம்மிடம் மிகுந்த வேதனையோடு கேட்கும் கேள்விக்கு இப்போது வருகிறோம். கூலி மாதக்கணக்கில் வரவில்லை; தைத்த துணி நம் கையில் இருக்கிறது; கூலி வரும்வரை கொடுக்கமாட்டோம் என்று சொல்லலாமா? சட்டம் முழுதும் கைவிட்டுவிடவில்லை. உழைப்பையோ திறமையையோ செலுத்தி ஒரு பொருளில் வேலை செய்தவர், அந்த வேலைக்குரிய கூலி வரும்வரை அப்பொருளை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று 170ஆம் பிரிவு ஒரு பற்றுரிமை அளிக்கிறது. பட்டை தீட்டிய வைரக்கல்லைக் கூலி வரும்வரை நிறுத்தி வைக்கலாம் என்பது அங்குள்ள எடுத்துக்காட்டு. அடுத்த எடுத்துக்காட்டு தையற்காரரைப் பற்றியது: முடித்தவுடன் கொடுப்பேன், பணத்திற்கு மூன்று மாதத் தவணை தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட தையற்காரருக்கு அவ்வுரிமை இல்லை. நம் சங்கங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தையற்காரரின் நிலையிலேயே நம்மை நிறுத்துகின்றன. ஒப்படைத்த பிறகு பட்டியல், பட்டியலுக்குப் பிறகு பணம் என்றுதானே எழுதியிருக்கிறது? மேலும் சென்ற ஆண்டுக் கூலிக்காக இவ்வாண்டுத் துணியை நிறுத்தும் உரிமை 170இல் இல்லை. பொதுவான அவ்வுரிமையை 171ஆம் பிரிவு வங்கியர் முதலிய சில தொழிலினருக்கே அளிக்கிறது. நிறுத்தும் உரிமை இருக்கும் இடத்திலும், விற்கவோ அடகு வைக்கவோ உரிமை கிடையாது. துணியை அடகு வைத்து உறுப்பினருக்குக் கூலி கொடுப்போம் என்று எந்த நிர்வாகக் குழுவும், எவ்வளவு இரக்கத்தினாலாயினும், தீர்மானம் போட வேண்டாம். ஒப்பந்தம் போடும்போதே கூலிக்கு நாள் குறித்து, தவறினால் வட்டி என்று எழுதச் சொல்வது நலம். அத்தகைய வரியை எழுத அதிகாரிகள் எளிதில் ஒப்பமாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

ஒப்புக்கொண்ட நோக்கத்திற்கன்றி வேறு பயனுக்கு எடுப்பது தனித்தவறு. குதிரையைத் தாம் ஏறுவதற்கென்று இரவல் வாங்கியவர் தம் குடும்பத்தினரை ஏறவிட்டார். அவர் கவனமாகவே ஓட்டினார். ஆயினும் குதிரை இடறி விழுந்து காயம்பட்டது. வாங்கியவர் பொறுப்பு என்று 154ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு முடிக்கிறது. அரசாங்கம் சீருடைக்கென்று கொடுத்த தையல் இயந்திரத்தில் தீபாவளிக்கு வெளியார் துணி தைப்பதும் இந்தக் குதிரைச் சவாரிதான்.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் பெரிய ஆலைகளின் அச்சுகளையும் வார்ப்புகளையும் வைத்து வேலை செய்பவர்களும் இதே உறவில்தான் இருக்கிறார்கள். அங்கே சரக்கு சேவை வரிச் சட்டத்தின் காலக்கெடு சேர்ந்துகொள்கிறது. கூலி வேலைக்கு வரியின்றி அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டிலும், இயந்திரம் மூன்றாண்டிலும் திரும்பாவிட்டால், முதலில் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். அச்சு, வார்ப்பச்சு போன்ற கருவிகளுக்கு இக்கெடு இல்லை. தொழிற் கூட்டுறவுச் சங்கத்தினர் இதனை அறிந்திருப்பது நலம். நெசவாளருக்கு இவ்வளவே போதும்.

கட்டட வேலைகளில் அரசாங்கம் கொடுக்கும் சிமெண்டும் இரும்புக் கம்பியும் பற்றி மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனை தெளிவானது. அவை முற்றிலும் அரசாங்கத்தின் சொத்து. வேலைத்தலத்திலிருந்து எக்காரணத்தாலும் அகற்றலாகாது. எப்போதும் பார்வையிடத் திறந்திருக்க வேண்டும். வேலையின் அளவிலிருந்து எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். சட்டைக்கு 1.20 மீட்டர் என்ற நம் கணக்கும் இதே முறைதான்.

அமெரிக்க நாட்டில் இவ்விஷயத்திற்கு மத்தியக் கொள்முதல் விதிகளில் 45ஆம் பகுதி என்று தனிப்பகுதியே ஒதுக்கி, 2007இல் அதனை மாற்றி எழுதினார்கள். ஒப்பந்தக்காரர் ஏற்பு, பதிவு, ஆண்டிருப்புச் சரிபார்ப்பு, துணை ஒப்பந்தக்காரர் கட்டுப்பாடு, பராமரிப்பு, முடிவுக் கணக்கு என்று ஒரு நிர்வாக முறையை ஏற்படுத்திக் காட்ட வேண்டும். அதற்கு ஈடாக, பல வகை ஒப்பந்தங்களில் இழப்பின் அபாயத்தை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. மேலாளர்கள் வேண்டுமென்றே தவறு செய்தால் முதலிய சில நிலைகளிலேயே ஒப்பந்தக்காரரிடம் கேட்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் முழு அபாயமும் சிறிய சங்கத்தின்மேல் விழுகிறது. விமானம் செய்யும் செல்வமிக்க கம்பெனிக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, ஒழுங்காகப் பதிவேடு வைத்திருக்கும் தையல் சங்கத்திற்கும் கிடைத்தால் என்ன குறை வந்துவிடும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. ஒழுங்கான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதைக் கேட்க முடியும்.

குறைவு எல்லாம் குற்றம் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியைத் தண்டிக்கிறது. நேர்மையின்றித் தனக்கு ஆக்கிக்கொண்டாலோ, உடன்பாட்டை மீறி நேர்மையின்றிப் பயன்படுத்தினாலோதான் அது குற்றம். சாதாரணமாக 5 ஆண்டுவரை சிறை; கிடங்குக்காரராக ஏற்ற பொருளென்றால் 7 ஆண்டுவரை. 6 மீட்டர் துணி கணக்கில் வராத உறுப்பினரைக் காவல் நிலையத்திற்கு அனுப்புவேன் என்று மிரட்டும் செயலாளர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மறுபக்கத்தில், நிர்வாகக் குழுவினர் 'எங்களுக்குத் தெரியாது' என்று ஒதுங்கிவிடவும் முடியாது. குறைவுக்குச் சங்கம் பணம் கட்டினால் சங்கத்தின் சொத்து குறைகிறது. அது நம்பிக்கை மோசடியாலோ, வேண்டுமென்றே செய்த அசட்டையாலோ நேர்ந்ததென்றால், 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவின்கீழ் பொறுப்பானவரிடமிருந்தே தண்டத்தீர்வையாக வசூலிக்கலாம். எச்சரித்தும் ஏற்புச் சீட்டைச் சரிபாராதவர், இரண்டாம் முறையும் சரிபாராவிட்டால் அசட்டை என்ற சொல் அவரை நெருங்கிவிடுகிறது.

ஒப்பந்தம் முடிந்ததும் கணக்கை முடிப்பதில் நம் சங்கங்கள் காட்டும் தயக்கம் வியப்பளிக்கிறது. கடைசிச் சட்டை போனவுடன் எல்லாம் தீர்ந்தது என்று பதிவேட்டை மூடிவிடுகிறார்கள். மிச்சத் துணி, பழுதான துணி, வெட்டுத்துணி, காலிக் கோன்கள், சாக்குகள் ஆகியவற்றை எடையிட்டுப் பட்டியலிட்டுத் திருப்ப வேண்டும். அல்லது எவ்வாறு தீர்ப்பது என்று எழுத்தில் உத்தரவு பெற வேண்டும். உறுப்பினர் ஏடுகளின் கூட்டுத்தொகை சங்கப் பதிவேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்தபின், 'இனி இச்சங்கத்திடம் இவ்வொப்பந்தத்தின்கீழ் அரசாங்கச் சரக்கு எதுவும் இல்லை' என்று துறையிடமிருந்து சான்று வாங்க வேண்டும். கட்டிய ஜாமீன் தொகையைத் திரும்பக் கேட்கும் கடிதத்தோடு அச்சான்றின் நகலை இணைத்து அனுப்பலாம்.